பூசணிக்காய்ப் பையில் வந்த கேமரா

ராணுவத்துக்குச் சாமான் செய்யும் பாக்டரி. ஆவடியில். நான் இரும்பு கடைகிற லேத் மெஷின் ஓட்டினேன். ஆயுத பூஜைக்கு மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். லேத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைப்போம். அன்றைக்குக் கேட்டில் பையைக் கிளற மாட்டார்கள். சாமி சாமான்.

என் மச்சான், பெண்டாட்டியின் தம்பி, கரையான்சாவடியில் போட்டோ ஸ்டூடியோவில் இருந்தான். உள்ளே கேமரா கூடாது. பூசணிக்காய்ப் பையில் அதுவும் வந்தது. லேத் பக்கத்தில் எங்களை நிற்கவைத்து எடுத்தான். நன்றாக வந்ததென்று ஸ்டூடியோ முதலாளி அதைக் கடை வாசல் கண்ணாடிக்குள் மாட்டிவிட்டார். நாங்கள் எங்கள் முகத்தைத்தான் பார்த்தோம். பின்னால் ராணுவச் சாமான் என்ன தெரிகிறது என்று பார்க்கவில்லை.

அதைப் பார்த்தவர் ஒருத்தர் பருத்திப்பட்டுக்கு, எங்கள் வீட்டுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை. உளவு ஆபீஸ் என்றார். படம் அவர் கையில் இருந்தது. யார் எடுக்கச் சொன்னது, யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். மறு வாரமும் வந்தார். அதே கேள்வி. அதே பதில். பாக்டரியில் என் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரிப்போர்ட் வரும்வரை வெளி வேலை. மதிலுக்கு இந்தப் பக்கம் புல் வெட்டினேன். உள்ளே லேத் ஓடுகிற சத்தம் கேட்கும்.

திரும்ப லேத்துக்குப் போக வேண்டும். எனக்கு அவ்வளவுதான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். உளவு ஆள் இப்படி வாராவாரம் வந்தால் எப்படி என்று கேட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். உட்காரச் சொன்னார். உளவு ஆள் கேட்கலாம், மேலே எழுதி அனுப்பலாம், பிடிக்க மட்டும் முடியாது என்றார். பிடிக்கிற அதிகாரம் போலீசுக்கு. ஆனால் அவர்கள் புகார் எழுதித் தந்தால்தான் கேஸ். தர மாட்டார்கள். வராதே என்று அவர்களிடம் சொல்லவும் தன்னால் முடியாது என்றார்.

"அப்போ நீங்களே என்னைப் புடிச்சிடுங்க ஐயா. கோர்ட்டுல சொல்லிக்கிறேன்."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஸ்டேஷன் ரைட்டர் சிரித்துவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"புடிச்சா மறுநாளே உன்னை மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்பா. இன்னான்னு சொல்லி நிறுத்துறது? பூசணிக்கா ஒடச்சான்னா?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். பெண்டாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்தாள்.

"ஜெயிலுன்னா ஒருநாள் வெளியே வுட்டுடுவான். இது இன்னா கணக்கு?"

வெள்ளைச் சட்டைக்காரர் பிறகு மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவருக்கு முதலிலிருந்து சொன்னேன். அவரும் போனார். குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ரிப்போர்ட் வரவில்லை. மதிலுக்கு வெளியிலேயே ரிடயர் ஆனேன்.

ஆயுத பூஜை அன்று லேத் ஷாப் ஆட்கள் கேட் வரைக்கும் வந்து பொரி கொடுத்துவிட்டுப் போவார்கள். என் லேத்துக்கும் மாலை போட்டாயிற்று என்பார்கள். பொரியை வாங்கிக்கொள்வேன்.