புழு தின்னும் சத்தம்

பேராசிரியர் மாதவராஜுக்குக் காது இரண்டு இருந்தன. இரண்டிலும் எந்நேரமும் அவர் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இயற்பியல் நடத்தும் அவரிடம் நான் லேப் உதவியாளன். பட்டுப்புழு இலை தின்னும் சத்தத்தைப் பதிவுசெய்து, திரையில் கோலமாக்கி, அறிவியலும் கலையும் ஒன்றுதான் என்று கல்லூரிக் கண்காட்சியில் நிரூபிக்கப்போவதாகக் கிளம்பினார். நான் பெட்டி தூக்கினேன்.

கடத்தூர்ப் பக்கம் அமுதவல்லியின் புழு ஷெட்டுக்குப் போனோம். எட்டாவதோடு நின்றவள், பன்னிரண்டு வருடமாகப் புழு வளர்க்கிறாள். கதவருகே நின்றாலே அவளுக்குத் தெரியும்: எந்த அடுக்கில் தோலுரிக்கப்போகிறது, எங்கே நோய் விழுகிறது. புழுக்கள் நன்றாகத் தின்றால் ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோல ஒரே சீராகக் கேட்கும். அந்தச் சீர் எங்கே பிசகுகிறதோ, நேராக அங்கே போய் நிற்பாள். அதற்குப் பேர் வைக்க அவளுக்கு நேரமில்லை. பேர் வைக்கத்தான் மாதவராஜ் இருக்கிறாரே.

மூன்று நாளில் கூடு கட்டவேண்டிய புழுக்கள். முந்தின தடவை எல்லாம் நோயில் போயிருந்தன. இதுவும் போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நடுவேன் என்று அவள் வீட்டுக்காரர் கருப்பண்ணன் கறாராகச் சொல்லியிருந்தார்.

வாசலிலேயே அவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்னாங்க சார் பூசிக்கினு வந்திருக்கீங்க?"

"கொசுவுக்கு ஒரு க்ரீம்மா. ஒண்ணும் ஆவாது."

"புழுவுக்கு ஆவாதுங்க. கைய நல்லா கழுவிட்டு வாங்க."

விரல்நுனியை நனைத்தார். அதற்குப் பேர் கழுவுவதாம். பிறகு அடுக்கடுக்காக இலையைத் தள்ளித் தள்ளி மைக்கை வைத்தார். பத்து நிமிடம் ஆகியிருக்காது.

"சார், சத்தம் கொறையுதுங்க. வெளிய வாங்க."

"மைக்குக்குக் கேக்காததா உங்க காதுக்குக் கேட்டுடப்போவுது?"

ஒரு மணி நேரம் உள்ளேயே நின்றார். மறுநாள் காலையில், புழுக்கள் பச்சையாகக் கக்கிச் செத்துக்கிடப்பதாகக் கருப்பண்ணன் போன் செய்தார். வெயில்தான் காரணம் என்று மாதவராஜ் முடித்துக்கொண்டார். வெயிலுக்கு வாய் இருந்தால் அவர் முகத்தில் காறித் துப்பியிருக்கும்.

கண்காட்சி வருவதற்குள் தோட்டத்தில் மரவள்ளி ஏறிவிட்டது. அமுதவல்லியைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சால்வை போர்த்தினார்கள். திரையில் நீலக் கோடுகள் அடர்த்தியாக ஓடி, மெல்ல மெலிந்து, அறுந்தன. ஓவிய ஆசிரியை அன்பரசி அதே கோடுகளைத் துணியில் தீட்டித் தொங்கவிட்டிருந்தார். "ஓசை மௌனத்தில் கரைகிற அழகைப் பாருங்கள்" என்றார் மாதவராஜ். கைதட்டினார்கள்.

பதிவை மறுபடி ஓட்டினார்கள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அமுதவல்லி, சத்தம் மெலியத் தொடங்கியதும் எழுந்துபோய்த் திரையில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இங்கதானுங்க சார், வெளிய வாங்கன்னு சொன்னேன். அதக் காணோமே?"

"அது இரைச்சல்மா. எடுத்துட்டோம்."

எடுத்தவன் நான்.