படகுக்குச் சாம்பிராணி போட்டவள்

பேராக் மாநிலத்திலேயே படகுக்குச் சாம்பிராணி போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். கதையைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் சொல்லி முடித்த பிறகு வெகுநேரம் என் உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருக்கும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளி விடுமுறைக்குச் சிலிபினிலிருந்து சித்தியவானுக்கு, சின்னம்மா வீட்டுக்கு, அனுப்பியிருந்தார்கள். சின்னம்மா பக்கத்துத் துறைமுகமான லுமுட்டில் படகு சுத்தம் செய்யும் வேலை பார்த்தார். மீன்பிடிப் படகு என்று நினைத்துவிடாதீர்கள். ஈப்போ தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஒருவர் சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு சுற்றி வருவதற்காக வைத்திருந்த வெள்ளைப் படகு. உள்ளே மெத்தை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. பின்பக்கம் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் திரைகள். ஜிப்பை இழுத்துவிட்டால் ஒரு சொட்டு மழை உள்ளே வராது. அந்தத் திரைகள் என்றால் சின்னம்மாவுக்கு உயிர். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் தொடுவார். நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்த பிறகு பழைய பனியன் துணியை நனைத்து மெல்லத் துடைப்பார். காய்ந்த துணி பட்டால் கீறல் விழுந்து மங்கிவிடுமாம். நான் விரலை நீட்டினாலே போதும், "ஏய், நகத்த மடக்குடி!" என்று ஒரு சத்தம் வரும்.

அதற்கு முன்னால் சின்னம்மா இறால் உரிக்கும் இடத்தில் வேலை செய்தார். நாள் முழுக்க ஐஸில் கை. விரலெல்லாம் வெளுத்து ஊறி, நகக்கண்ணில் சீழ் வைத்து, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். படகு வேலை கிடைத்த பிறகுதான் அந்த விரல்கள் ஆறின. நகச்சாயம்கூடப் பூச ஆரம்பித்தார். அந்த வேலை போய்விடக் கூடாது என்பதில் அவரைவிட எனக்குத்தான் கவலை அதிகம்.

அந்த வேலைக்கு வேட்டு வைத்தது நாற்றம். வாரம் முழுக்க மூடிக்கிடந்த படகில் பூஞ்சணம் பிடித்து, ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போன்ற வாடை. முந்தின வாரம் தவுக்கேயின் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டார். இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும்போதும் அப்படியே இருந்தால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று தவுக்கே சொல்லிவிட்டார்.

போதாத குறைக்கு, அந்த வெள்ளிக்கு முதல் நாள்தான் இன்ஜினைப் பழுது பார்த்திருந்தார்கள். காலையில் நாங்கள் போனபோது பெட்ரோல் வாடையும் சேர்ந்து மண்டையைப் பிளந்தது. மெக்கானிக் அண்ணன் ஒருவர் சின்னம்மாவைப் படகுத்துறை ஜெட்டியிலேயே நிறுத்தி ஏதோ சொன்னார். சின்னம்மா என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு அடுப்புப் பக்கமே போகக் கூடாது, தெரியுதா?" என்றார். தலையாட்டினேன். திரைகளையெல்லாம் சுருட்டிக் காற்றாட விட்டோம். சின்னம்மா வினிகர் கலந்த தண்ணீரால் மெத்தைகளைத் துடைத்தார், தரையைக் கழுவினார். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினோம். வினிகரும் தீர்ந்துபோயிருந்தது.

"கடைக்குப் போய்ட்டு வாரேன். எதையும் தொடாம உக்காந்திரு லா" என்று காசையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனார்.

மூடிய படகுக்குள் நானும் நாற்றமும்தான். அது குறையவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. சாயங்காலம் அந்தம்மா மூக்கைப் பொத்துவதும், தவுக்கே கையை விரிப்பதும், சின்னம்மா மறுபடி ஐஸுக்குள் கையை விடுவதும் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போயின. அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் அவருடைய கைப்பை கண்ணில் பட்டது. காலையில் வீட்டுப் பூஜைக்கென்று வாங்கிய கப் சாம்பிராணியும் லைட்டரும் அதற்குள் இருந்தன. வெள்ளிக்கிழமை தவறாமல் சின்னம்மா சாம்பிராணி போடுவார், வீடே மணக்கும். அடுப்புத்தானே வேண்டாம் என்றார்? சாம்பிராணியைப் பற்றி மூச்சுகூட விடவில்லையே! என் புத்தி அப்படி வேலை செய்தது.

வீட்டில் தரையில்தான் வைப்பார். நானும் குனிந்து தரையில் வைக்கப்போனேன். ஈரமாக இருந்தது. கப் நமுத்துவிடுமே என்று நிமிர்ந்து, மேசைமேல் ஒரு தட்டில் வைத்துப் பற்றவைத்தேன். புகை எழுந்து சுருண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெரி பக்கத்தில் போனது. அலையில் படகு ஆட, தட்டு வழுக்கிக்கொண்டு போய்த் திரையில் முட்டியது. சுர்ரென்று ஒரு சத்தம். பாய்ந்து தட்டைத் தூக்கிவிட்டேன். ஆனால் திரையில், நகம் அளவுக்கு, ஓரம் கருகிச் சுருங்கிய ஓர் ஓட்டை.

 தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, ஓட்டையை முதுகால் மறைத்து நின்றேன். வெளியே ஜெட்டிப் பலகையில் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

ஜிப்பைத் திறந்த சின்னம்மா என்னைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். கத்துவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கத்தவில்லை. "அசையாத" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. நிறைந்த கிண்ணத்தை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் தட்டை வாங்கி, வெளியே சாய்ந்து, தட்டோடு கடலில் போட்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டும் மழையில் ஓட்டமாக ஓடினார். கரைக்கு வந்துதான் நின்றார். குடை எங்கே போனதோ தெரியாது. உட்கார்ந்தவர் உடம்பு உதறிக்கொண்டே இருந்தது.

"எங்க வெச்ச? மேலயா, கீழயா?"

திரைக்குப் பக்கத்தில்தானே மேசை! மேலே என்றால் மாட்டிக்கொள்வேன். "கீழ" என்றேன்.

"தரையிலயா?"

"ஆமா சின்னம்மா, தரையிலதான். இப்பதான் கையில எடுத்தேன்."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பொய் என்று கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது தடவையும் கேட்டார். சாமி சத்தியமாகத் தரையில்தான் என்று தலையில் அடித்துச் சொன்னேன். அவர் என்னை இறுக்கிக்கொண்டு ஓவென்று அழுதார்.

சாயங்காலம் தவுக்கே வந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தார். எப்படியும் மாற்ற வேண்டிய பழைய திரைதானாம். மனைவியும் மூக்கைப் பொத்தவில்லை. ஆனால் சின்னம்மா படகுச் சாவியைத் தவுக்கே கையில் கொடுத்துவிட்டார். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், சின்னம்மா கேட்கவில்லை. அடுத்த மாதமே இறால் உரிக்கப் போய்விட்டார். வெளியே சிரித்து, இருக்கச் சொல்வதுபோல் நடித்துவிட்டு, உள்ளுக்குள் வேலையை விட்டு நிறுத்திய நயவஞ்சகன் என்று அந்த மனிதரை நான் பல வருடம் சபித்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் ஒரு நாள் சின்னம்மாவே பேச்சுவாக்கில் சொன்னார். அன்று காலையில் மெக்கானிக் அண்ணன் அவரிடம் சொன்னது அதுதான்: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தேங்கிக் கிடக்கும், கீழே ஒரு பொறி விழுந்தால் படகோடு போகவேண்டியதுதான். "நீ தரையில வெச்சும் ஒன்னும் ஆகல பாரு, அம்மன்தான் உன்ன எடுத்துக் குடுத்தா. அதுக்கப்பறம் அந்தப் படகுல எப்படி லா கால் வைக்கிறது? மேல வெச்சேன்னு சொல்லியிருந்தா, ரெண்டு அடி போட்டுட்டு வேலையப் பாத்திருப்பேன்" என்றார்.  மேசைமேல்தான் வைத்தேன் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டார் சைக்கிளில் அவர் இடுப்பை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் முதுகு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பாடா, சின்னம்மா நம்பிட்டாங்க என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி.