ஒன்பது புதன்கிழமைகள்

கட்டியை முதலில் தொட்டது ஒரு புதன்கிழமை காலையில், குளிக்கும்போது. இடது மார்பின் வெளிப்பக்கம், மொச்சைக்கொட்டை அளவு. வலி இல்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது. தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் காக்ஸ் டவுனில் குடியிருக்கிறேன். வார நாட்களில் அலுவலக வேலை. ஞாயிறுகளில் எங்கள் பங்குக் கோவிலில், புதுநன்மை (முதன்முதலாகப் பெறும் நற்கருணை அப்பம்) வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறேன். படித்தவள், மருத்துவக் காப்பீடு உள்ளவள். அப்படிப்பட்டவள் ஒன்பது வாரம் அந்தக் கட்டியை எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. உங்களில் யாராவது இன்று அப்படி உட்கார்ந்திருந்தால், முதலில் என்னைத் திட்டுங்கள், பிறகு கிளம்புங்கள். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

பதினோரு வருடத்துக்கு முன், இரண்டாவது மகள் பிறந்தபோது எனக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தது (பிரசவ கால வலிப்பு, தாயின் உயிரையே எடுத்துவிடக் கூடியது). இன்னொரு பிரசவத்தை உடம்பு தாங்காது என்றார்கள். தெளிந்ததும் நானே கையெழுத்துப் போட்டுக் கருத்தடை அறுவை செய்துகொண்டேன். அது தவறு என்பது திருச்சபையின் போதனை. தெரிந்துதான் செய்தேன். அதன் பிறகு எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்தும் அதை மட்டும் சொன்னதில்லை. நன்மை வாங்கும் வரிசையில் நிற்கும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்று குத்தும்.

அதனால் கட்டி கையில் தட்டுப்பட்டதும் நான் நினைத்தது ஒன்றே ஒன்று: தண்டனை வந்துவிட்டது. தண்டனைக்கு யாராவது டாக்டரிடம் போவார்களா? நான் மாதாவிடம் போனேன்.

எங்கள் கோவிலில் புதன்கிழமை மாலை சகாய மாதா நவநாள் (ஒன்பது முறை தொடர்ந்து செய்யும் வேண்டுதல்). ஒன்பது புதன் தவறாமல் வருவதாக நேர்ந்துகொண்டேன். அங்கே ஒரு பெட்டி இருக்கும். விண்ணப்பத்தை எழுதிப் போட்டால், பெயரில்லாமல் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். நானும் எழுதிப் போட்டேன். “மார்பில் கட்டியுள்ள ஒரு சகோதரிக்காக” என்று வாசித்தார்கள். கோவிலே எனக்காக மன்றாடியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நாத்தனார் செலின் அக்காவும் கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கென்றே தெரியாமல் உருகி வேண்டினார். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். பார்க்க வேண்டிய டாக்டருக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

ஒன்பதாவது புதனில் கட்டி நெல்லிக்காய் அளவு ஆகியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்தபோதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

மருத்துவமனையில் பயாப்ஸி செய்தார்கள் (ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது). புற்றுநோய், இரண்டாம் நிலை. அக்குளில் ஒரு நிணநீர்க் கணுவுக்கும் (நோயைத் தடுக்க உடம்பு வைத்திருக்கும் சிறு முடிச்சு) போயிருந்தது. டாக்டர் கன்னடக்காரப் பெண். பாதி கன்னடம், பாதி தமிழில் பேசுவார்.

“யாக்கம்மா, ஏன் இவ்ளோ லேட்டு?” என்றார்.

நவநாள் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒன்பது வாரத்தில்தான் அது கணுவுக்குப் போனதா, முன்பே போயிருந்ததா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தக் கேள்வி என்னிடம் இன்னும் இருக்கிறது.

அறுவைக்கு முந்தைய நாள் பகலில் செலின் அக்கா வார்டுக்கு வந்தார். கருத்தடை விஷயம் அவருக்கு அன்றைக்கே தெரியும். பங்கு ஃபாதர் நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசி வழங்கும் அருட்சாதனம்) கொடுக்க வரப்போகிறார், அதற்கு முன் மனசைச் சுத்தம் செய்துகொள் என்றார்.

“அந்த ஆபரேஷன்தான் இப்ப உடம்புல வந்து நிக்குது. அத சொல்லி அழுதுடு. அழுதாதான் பூசுறது பலிக்கும்.”

அவர் என்மேல் பாசம் உள்ளவர். அதனால்தான் இன்னும் எரிச்சலாக வந்தது. நான் ஒன்பது வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதை அவர் வாயால் கேட்டபோது, அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு மூன்று விரலைக் காட்டிச் சொல்லித் தருவது நான்தான். சாவான பாவம் (ஆன்மாவையே கொல்லும் பெரும் பாவம்) ஆக மூன்றும் வேண்டும்: காரியம் பெரிதாக இருக்க வேண்டும், பெரிது என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் முழு மனதோடு செய்திருக்க வேண்டும். புற்றுநோய் என் மனதைக் கேட்டா வந்தது? இந்தப் பாடத்தை நான் எனக்கு ஒருநாளும் நடத்திக்கொண்டதில்லை.

ஃபாதர் வந்தார். திரையை இழுத்துவிட்டு, கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டு அவருக்குத்தான், எனக்கு இல்லை. ஆகவே சொல்கிறேன்.

கருத்தடையைச் சொன்னேன். பயத்தில் செய்திருப்பீர்கள் என்று அவரே வழி எடுத்துக் கொடுத்தார். இல்லை, என் பிள்ளைகளுக்கு அம்மா வேண்டும் என்று தெளிவாக யோசித்துச் செய்தேன், அதற்கு அழ என்னால் முடியாது, பொய்க் கண்ணீரோடு எண்ணெய் பூசிக்கொள்ள மாட்டேன் என்றேன். பூசாமலே போய்விடுவாரோ என்று பயந்தேன். மறுநாள் நான் கண் விழிப்பேனோ இல்லையோ.

அவர் ஸ்டூலை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார். “திருச்சபை சொல்றத நான் மாத்திச் சொல்ல முடியாதும்மா. ஆனா சாவு வாசல்ல நின்னவங்க எடுத்த முடிவ சாவான பாவம்னு நான் சொல்ல மாட்டேன். அத கடவுள்கிட்ட விடுங்க. நோய் தண்டனை இல்ல. வேற எதாவது இருக்கா?”

இருந்தது. மூன்று விரலும் நிமிர்ந்து நிற்கிற பாவம். கடவுள் கொடுத்த உடம்பில் ஆபத்து என்று தெரிந்தும், முழு மனதோடு, ஒன்பது புதன்கிழமை மறைத்தேன். வேண்டுதல் என்று அதற்குப் பெயர் வைத்தேன். இரண்டு பிள்ளைகளின் தாயை நானே சாகவிடப் பார்த்தேன். இதைச் சொல்லும்போது யாரும் கேட்காமலே அழுகை வந்தது.

மன்னிப்பு வழங்கினார். பரிகாரமாக ஐம்பத்துமூன்று மணி செபமாலை கொடுப்பார் என்று நினைத்தேன்.

“டாக்டர் குடுக்கிற ஒரு தேதியையும் தவற விடாதீங்க. அதுதான் பரிகாரம்” என்றார். பிறகு நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசினார்.

வெளியே காத்திருந்த செலின் அக்கா, சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை.

மார்பை எடுத்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு கீமோ, அதன்பின் கதிர்வீச்சு. முடி போனது, நகம் கறுத்தது, நாக்கில் ருசி செத்தது. தேதி மட்டும் ஒன்றுகூடத் தவறவில்லை. செலின் அக்காதான் பாதி நாள் துணைக்கு வந்தார். காத்திருக்கும் வரிசையில் செபமாலை உருட்டுவார். என் முறை வந்ததும் முதலில் எழுந்து நிற்பது அவர்தான்.

கணுக்களை எடுத்ததால் இடது கை முழுதாக உயர்வதில்லை. தினமும் விரல்களைச் சுவரில் ஊர்ந்து ஏறவிட்டுப் பழக்குகிறேன். ஞாயிறுகளில் வேண்டுமென்றே அந்தக் கையைத்தான் தூக்கி மூன்று விரலைக் காட்டுகிறேன். தோள் வரை வருகிறது. நோய் இந்த மூன்றில் எதிலும் சேராது என்று, பாடத்தில் இல்லாத ஒரு வரியையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் எனக்கு நாட்கள் திருநாள்களாகவும் நோன்புகளாகவும் வரும். இப்போது மாத்திரையாகவும் பரிசோதனைத் தேதியாகவும் வருகின்றன. நவநாளுக்கு இன்றும் போகிறேன், மாதாமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மருத்துவமனைத் தேதி புதன்கிழமையில் விழுந்தால், அன்று மாதா காத்திருக்கட்டும். நான் காத்திருந்தது போதும்.