மேடம் குரலில் ஆறு சார்ட்

தலைமையாசிரியர்களுக்கு நிர்வாகப் பயிற்சி வைத்தால், பாதிப் பயிற்சி அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். வாத்தியார் வீட்டில் பிறந்து தவிக்கும் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா? இதில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது! ஆனால் இப்போது தரமாட்டேன். செத்த நேரம் பொறுங்கள்.

முதலில் அப்பா. வடமதுரைப் பக்கம் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. சத்துணவுக்குப் போட்ட கீரையில் முக்கால்வாசி ஆடுகளுக்குத்தான். திண்டுக்கல்லில் ஐந்து நாள் பயிற்சி. கடைசி நாள் வட்டாரக் கல்வி அலுவலர் முன்னால் மைக்கில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேச்சு எடுபட்டால் சுவர் கிடைக்கலாம். பிள்ளைகள் முன்னால் அப்பா சிங்கம். பெரியவர்கள் முன்னால் மைக்காகப் பார்த்து ஏதாவது பேசினால்தான் உண்டு.

ஒற்றை விரல்

முதல் நாளே கடைசி வரிசை நாற்காலிக்கு அடிதடியாம்! பயிற்சி கொடுக்கும் மேடம் எதற்கெடுத்தாலும் "அற்ற்புதம் சார்! ஒரு கைதட்டல்!" என்பார். அப்பா காட்டிய வீடியோவிலிருந்து அந்தக் குரலை மூன்றே நிமிடத்தில் பிடித்துவிட்டேன். (நான் பிளஸ் ஒன். பாடம் தவிர எல்லாக் குரலும் வரும்.)

அதே வீடியோவில் கன்னிவாடித் தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து ஒற்றை விரலைத் தூக்கினார். "சார், நீங்க கேக்கவே வேணாம், போகலாமே" என்றார் மேடம். அவர் சொன்னார்: "முப்பது வருசமாப் பிள்ளைகளக் கேக்க வச்சே பழகிருச்சும்மா. கேக்காமப் போனா வரமாட்டேங்குது!"

யாரிடம் கொடுப்பது?

அடுத்த பாடம் வேலைப் பகிர்வு. தலைமையாசிரியர் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்யக் கூடாதாம். தன் வேலைகளை ஒரு பக்கமும், யாரிடம் கொடுக்கலாம் என்பதை மறுபக்கமும் எழுத வேண்டும். அப்பா வீட்டில் உட்கார்ந்து பதினெட்டு வேலை எழுதினார். மறுபக்கம் பதினெட்டிலும் ஒரே பெயர்: மலர்விழி டீச்சர். பள்ளியில் அப்பாவை விட்டால் அவர் மட்டும்தானே! பட்டியலை போனில் வாசித்துக் காட்டினார். டீச்சர் கேட்டார்: "சரிங்க சார். நான் யாருகிட்ட பகிர? மூணாங் கிளாஸ்கிட்டயா?"

ஞாயிற்றுக்கிழமை அழைப்பு

நடுவில் ஞாயிறு. கை சும்மா இருக்குமா? அடுப்படிக்குப் பின்னால், துணிக் கொடிக்கு அடியில் நின்று, தோழியின் போனிலிருந்து, முன்வாசலில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டேன். "வணக்க்கம் சார்! கடைசி நாள் நீங்க ஒரு பாட்டோட ஆரம்பிக்கணும்!" உள்ளே அம்மாவின் குக்கர் மூன்று முறை கத்தியது. அதைவிடச் சத்தமாக "அற்ற்புதம்!" போட்டுச் சமாளித்தேன்.

போனில் அப்பாவின் குரல் இறங்கியது. "மேடம், பாட்டு வராதுங்க மேடம். பதிலுக்கு எம் மக ஆறு சார்ட் வரைஞ்சு குடுத்தாப் போதுமா?"

"தாராளமா சார்!"

"நான் சொன்னாக் கேக்கமாட்டா. உங்க உத்தரவுன்னு சொல்லிக்கவா?"

"சொல்லுங்க சார்!" வாய்தான்! சொன்ன பிறகுதான் உறைத்தது. மறுத்தால் மாட்டிக்கொள்வேன். ஆடு, கீரை, சுவர், மறுபடி ஆடு என்று பொழுது சாயும்வரை வரைந்தேன். ஒவ்வொரு சார்ட்டையும் காட்டி அப்பா என்னிடமே பேசிப் பழகினார். அவர் கேட்டபடியே மேடம் குரலில் நான் கேள்வி கேட்கக் கேட்க, நாலாம் தடவை தடுமாற்றமே இல்லை! கை வலிக்கிறது என்றதற்கு அப்பா சொன்னார்: "மேடம் உத்தரவு ஆத்தா. நான் என்ன செய்ய?"

சுவர்

கடைசி நாள் அப்பா வண்டியை நிறுத்துமுன்பே ஓடினேன். அலுவலர் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்! நான் குதித்த குதியில் வாசல் சைக்கிள் சாய்ந்தது. "பேச்சையும் கேளு" என்று அப்பா போனை நீட்டினார். பதிவில் அவர் குரல், திக்காமல், திணறாமல்: "வேலைப் பகிர்வுக்கு எங்க வீட்டு உதாரணம். ஞாயித்துக்கிழமை மேடம் பேசுறதா ஒரு போன். போன்ல மூணு விசில், எங்க அடுப்படியிலயும் அதே மூணு விசில். அந்தக் குரல்கிட்டயே உத்தரவு வாங்கி, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியவே வரைய வச்சேன். இந்தா இருக்கு, ஆறு சார்ட்டு!"

நான் வாக்குக் கொடுத்த சிரிப்பு அதுதான்: அரங்கமே சிரித்தது, நடுவில் கேட்ட அசல் மேடத்தின் "அற்ற்புதம் சார்!" மட்டும் என்னுடையதைவிடக் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.