ஐந்தாம் மாடியின் தெந்தா

இந்த ஊரில் மழை வந்தால் கூரையைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வடக்கு இத்தாலியில் ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் படிகளைத் துடைத்து, வெளியூர் போகிறவர்களின் சாவிகளை வைத்துக்கொண்டு, பூச்சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வாழ்கிறவள் நான். இங்கே ஒவ்வொரு பால்கனிக்கும் ஒரு துணிப் பந்தல் உண்டு. தெந்தா என்பார்கள். நீளமான வளைகம்பியைக் கொக்கியில் மாட்டிச் சுழற்றினால் மடங்கிய இரண்டு கைகள் நீண்டு துணியை விரிக்கும். மறுபக்கம் சுழற்றினால் துணி சுவரோரப் பெட்டிக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். அது வெயிலுக்கு மட்டும்தான். கொஞ்சம் காற்று வீசினாலும் உடனே சுருட்ட வேண்டும். இலங்கை மலையகத்தில் எங்கள் எல்கடுவைப் பக்கம் வானம் இருட்டினால், ஒழுகும் கூரையில் விரிக்கத் தறப்பாளைத் தேடி ஓடுவோம். இங்கே தறப்பாளைக் காப்பாற்ற ஓடுகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்தபோது ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்றார்கள். அந்த ஆறு மாதம் முடிந்ததும் குடியிருப்பவர்கள் கூடிக் கை தூக்குவார்கள். தேறினால் நிரந்தர வேலைப் பத்திரமும், குடியிருக்க வாசலோரத்து அறையும் கிடைக்கும். அந்த இரண்டும் இருந்தால்தான் என் மகள் டிலானியை இங்கே கூப்பிட விண்ணப்பிக்க முடியும். நாலு வயதில் அவளை எல்கடுவையில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். நான் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்து வயதாகியிருந்தது. அதனால் அந்த ஆறு மாதத்தில் எனக்கு வேறு எந்த யோசனையும் இருக்கவில்லை.

ஓகஸ்ட் மாதம் ஊரே கடற்கரைக்குப் போய்விடும். ஒரு மத்தியானம் திடீரென்று காற்று கிளம்பியது. மூன்றாம் மாடி சிஞ்ஞோரா, அந்த வீட்டு அம்மா, தெந்தாவை விரித்தபடியே விட்டுப் போயிருந்தார். சாவி என் கையில் இருந்தது. நான் முற்றத்தில் நின்று அவருக்குத் தொலைபேசி எடுத்தேன், திரும்பவும் எடுத்தேன், அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தெந்தாவின் ஒரு கை முறிந்து, முன்பக்கச் சட்டம் சுவரில் மோதித் தொங்கியது. கட்டட நிர்வாகி வந்து, சாவியை வைத்துக்கொண்டு ஏன் பார்த்துக்கொண்டு நின்றாய் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லையே என்றேன். என் நேர்மைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? எங்கள் தேயிலைத் தோட்டத்து பங்களா வராந்தாவில் பச்சைக் கன்வஸ் படுதாக்கள் தொங்கும். அம்மா அங்கே வீட்டு வேலை செய்தாள். ஒரு நாள் சாரல் அடித்து நாற்காலி மெத்தைகள் நனைவதைப் பார்த்து, கயிற்றைத் தளர்த்திப் படுதாக்களை இறக்கிவிட்டாள். தோட்டத்தை நடத்தும் தொரையின் மனைவியை நோனா என்போம். நோனா உள்ளேயிருந்து வந்து, யார் உன்னைத் தொடச் சொன்னது என்று சிங்களத்தில் கேட்டார். அவர் மழையை ரசித்துக்கொண்டிருந்தாராம். மறுநாளே அம்மாவை மலைக்கு, கொழுந்து பறிக்க, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அம்மா என்னையும் அக்காவையும் உட்காரவைத்துச் சொன்னாள்:

“சொன்னா செய்யிங்க. சொல்லாட்டி கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க. நம்ம பொழப்பு அப்பிடித்தான்.”

முற்றத்தில் நான் அப்படித்தான் நின்றிருந்தேன். எனக்கு முதலில் அம்மா மேல் கோபம் வந்தது, பிறகு நோனா மேல், கடைசியில் என் மேல். இனி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை என்று முடிவெடுத்தேன். தெந்தா பழுது பார்க்க வந்தவரின் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுப் பழகினேன். தூசியை மெல்லிய தூரிகையால் காய்ந்தபடியே தட்ட வேண்டும். புறா எச்சத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும். பிளீச் கிட்டவே போகக்கூடாது. துணி பெட்டிக்குள் போய்ச் சேர்ந்த பிறகும் கம்பியை முறுக்கினால் உள்ளே இருக்கும் சக்கரத்தின் பல் உடையும். எல்லாவற்றையும்விட, நனைந்த துணியைச் சுருட்ட நேர்ந்தால் மறுநாள் வெயிலில் விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வீடு வீடாகப் போய், நீங்கள் இல்லாதபோது காற்றடித்தால் நான் உள்ளே வந்து மூடலாமா என்று கேட்டேன். ஐந்தாம் மாடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற வாத்தியாரைத் தவிர எல்லாரும் சரி என்றார்கள். தண்ணீர்க் குழாய் வெடித்தாலொழிய என் வீட்டுக்குள் கால் வைக்காதே என்றார் அவர்.

செப்டம்பரில் அடுத்த காற்று வந்தபோது விரிந்து கிடந்தது அவருடைய தெந்தாதான். மனிதர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். தொலைபேசியை எடுக்கவில்லை. போனாலும் பழி, போகாவிட்டாலும் பழி. டிலானியை நினைத்தேன். படியேறிப் போய், அவசரத்துக்கென்று அவர் தந்திருந்த சாவியால் கதவைத் திறந்தேன். பால்கனியில் மழை முகத்தில் அறைந்தது, கம்பி கையை விட்டு வழுக்கியது, ஆனாலும் மூடிவிட்டேன். மறுநாள் வெயில் வந்ததும் துணியைக் காயவைக்க மறுபடி போனேன். தூரிகையோடு நின்றபோது வாத்தியார் உள்ளே வந்துவிட்டார். யார் உன்னை வரச் சொன்னது என்று கேட்டார். நோனாவின் கேள்வி கடல் தாண்டி வந்து நின்றதுபோல் இருந்தது. தூரிகையை நான் கீழே வைக்கவில்லை. என் அரைகுறை இத்தாலிய மொழியில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

“யாரும் சொல்லல. காத்து வந்துச்சு, மூடினேன். ஈரமா இருந்துச்சு, தெறந்தேன். காஞ்சதும் போயிருவேன்.”

அவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் மூன்று கிழமை தூக்கம் கெட்டேன். கூட்டத்தன்று முதலில் உயர்ந்தது அவருடைய கைதான்.

வேலைப் பத்திரமும் அறையும் கிடைத்து, விண்ணப்பமும் தேறி, போன மாதம் மகளைக் கூட்டிவர எல்கடுவை போனேன். டிலானிக்கு இப்போது பதினொன்று. அக்காவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். மறுநாள் பயணம் என்பதால் வீடு முழுக்கப் பெட்டிகள். அக்கா கடைக்குப் போயிருந்த நேரம் மழை பிடித்தது. நான் துணி காயும் கொடியை நோக்கி ஓடினேன். “நீங்க இருங்கம்மா, நனைஞ்சிருவீங்க” என்றாள் டிலானி, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல. கேட்காமல் போய், எல்லாத் துணியையும் அள்ளிக்கொண்டு வந்தேன். அவள் பெட்டியைத் திறந்து வைத்துக் கையை நீட்டினாள்.

“என்னோடத மட்டும் எடுத்துத் தாங்க.”

கை நிறையச் சட்டைகளோடு நின்றேன். எது அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன்.

“நீயே ஒவ்வொண்ணா காட்டும்மா. நான் பாத்து வச்சிக்கிறேன்” என்றேன்.