என் நெஞ்சுவலியும் மருமகளின் ஐஸ் ஹாக்கியும்

என் மருமகள் செக் நாட்டுக்காரி. ஐஸ் ஹாக்கியில் தற்காப்பு ஆட்டக்காரி. சிறு வயதில் ஊர்க் குளம் உறைந்ததும் அண்ணனின் பழைய சறுக்குக் காலணியில் காகிதத்தைத் திணித்துக்கொண்டு சறுக்கத் தொடங்கியவள். பெண்களுக்கென்று அங்கே அணி இல்லாததால் வளரும்வரை ஆண் பிள்ளைகளோடுதான் ஆடினாள். பிறகு நகரத்துப் பெண்கள் குழு, அதன்பின் தேசிய அணியின் பயிற்சி முகாம். அந்த நாட்டில் பொறியாளராக இருந்த என் மகன் அவளை ஓர் ஆட்டத்தில் பார்த்து, பழகி, மணந்துகொண்டான்.

அவர்கள் மலேசியாவில், உலு திராமில் இருக்கும் என் வீட்டுக்குக் குடிவந்ததற்குக் காரணம் நான் சொன்ன பொய்.

மனைவி இறந்த சில மாதங்களில் எனக்கு நெஞ்சு அடைத்தது. எல்லாம் சோதித்த மருத்துவர், "இருதயம் நல்லா இருக்கு சார், வெறும் வாயுதான்" என்றார். நான் மகனைத் தொலைபேசியில் அழைத்து, "தனியா இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருப்பா" என்றேன். பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தெரிந்தேதான் சொன்னேன்.

மகனுக்கு எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, தினமும் போய்வந்தான். மருமகளுக்குக் கிடைத்தது பக்கத்து நகரமான ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் பனித்தளம். ஒருமுறை ஸ்வெட்டரோடு போய்ப் பார்த்தேன். பெங்குவின் பொம்மையைப் பிடித்துத் தள்ளாடும் பிள்ளைகளுக்கு நடுவே, கையில் மட்டைகூட இல்லாமல், பின்புறமாகச் சறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வேகமெடுத்தாலும் காவலர் விசில் ஊதினார்.

ஆட்டமில்லாமல் கிடக்கும் கவசங்களுக்குப் பூஞ்சை பிடித்துவிடும் என்று வாசலில் வெயிலில் காயவைப்பாள்.

"என்ன சார், மருமக சண்டைக்குப் போறாங்களா?" என்பார் எதிர்வீட்டம்மா.

"உங்க வீட்டுக்குத்தான் ஆன்ட்டி. கதவப் பூட்டிக்கோங்க லா!" என்பாள் மருமகள், மகனிடம் கற்ற தமிழில்.

அவர்கள் வந்து இரண்டு ஆண்டுகள் ஆனபின், போன ஆண்டு, அவளுடைய பழைய பயிற்றுநர் காணொளியில் அழைத்தார். அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. மகனிடம் கேட்டேன்.

"இந்த சீசனுக்கு வரச் சொல்றாருப்பா. இதை விட்டா சின்னப் பிள்ளைங்க எடத்தப் பிடிச்சிருவாங்களாம்."

"என்ன சொன்னா?"

"அப்பாவ விட்டுட்டு வர முடியாதுன்னுட்டா."

இருவரையும் சாப்பாட்டு மேசைக்கு அழைத்து உண்மையைச் சொன்னேன்.

"என்னப்பா, வெளையாடுறீங்களா?" என்று மகன் கத்தினான்.

அவள் கத்தவில்லை. "ரெண்டு வருஷம், அப்பா?" என்றாள்.

"ஆமாம்மா."

எழுந்து வாசலுக்குப் போய்ப் பயிற்றுநரை அழைத்தாள். மகனோடு விமானம் ஏறும்வரை என்னோடு பேசவில்லை. மன்னிப்பு ஒரே ஒருமுறை கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால், என்னைத் தேற்றும் வேலையும் அவள் தலையில் விழுந்திருக்கும்.

இப்போது நானே சமைக்கிறேன், சீக்கிரமே சாப்பிட்டுவிடுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவளுக்குக் குழுவில் இடம் கிடைத்தது. தேசிய அணிக்கு இன்னும் அழைக்கவில்லை. கால் பழைய வேகத்துக்கு வரவில்லை என்று மகன் தொலைபேசியில் சொன்னான். அந்த வேகத்தைப் பறித்தவன் நான். அதை அவள் மீட்டுவிடுவாள், எனக்குச் சந்தேகமில்லை.

சென்ற வாரம் முதன்முறையாக அவளே அழைத்தாள்.

"தோத்துட்டோம்பா. நாலு கோல் வாங்கினோம். ஒண்ணு என் தப்பு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாளைக்கு ட்ரெய்னிங். வைக்கிறேன்."