எலுமிச்சை மணக்கும் வால்வெள்ளி

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பெயர் ஐஸ்காரர். வேலை, வால்வெள்ளி செய்வது. பனித்தூள், கரித்தூள், அம்மோனியா, அழுகிய முட்டையாக நாறும் கந்தக வாயு எல்லாவற்றையும் உறையவைத்துப் பூசணிக்காய் அளவுக்கு உருட்டி, நடுவயிற்றில் சூடேற்றும் கம்பி ஒன்றைச் சொருகிவிடுவார். பிறந்த புதிதில் வால்வெள்ளிகளுக்குள் கதிரியக்கச் சூடு இருந்ததாம். அந்தச் சூட்டில் எந்த வாயு முதலில் கம்பி நீட்டும், எது கடைசிவரை ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்பதுதான் அங்கே ஆராய்ச்சி.

ஆராய்ச்சியின் புகழ் இயக்குநருக்கு. நாற்றம் ஐஸ்காரருக்கு. எந்தச் சோப்புக்கும் அது மசியவில்லை. "செத்த எலியோடகூடக் குடித்தனம் நடத்தலாங்க, உங்களோட முடியாது" என்று மனைவி அவர் தலையணையை முன்னறைக்கு எறிந்து மாதங்கள் ஆகின்றன. மாடியில், தொலைநோக்கிப் பிரிவில் ஓர் இடம் காலி. அது கிடைத்தால் தலையணை உள்ளே போகும்.

அந்த நேரம் பார்த்து, நிதி கொடுக்கும் அம்மையார் வருவதாகத் தகவல்.

"யோவ் ஐஸு, அந்தம்மா மூக்கைப் பொத்திட்டா நம்ம பொழப்பு நாறிடும்" என்றார் இயக்குநர்.

"பொழப்பே அதுதானே சார்."

"வாயக் குறைய்யா. முந்தின நாளே உள்ள சூட்டை ஏத்திடு. கேஸெல்லாம் ஓடிடட்டும்."

"கேஸ் போயிட்டா அது வால்வெள்ளி இல்ல சார், அழுக்குக் கட்டி."

"மாடி எடம் வேணுமா, வேணாமா?"

வேண்டும். ஏற்றினார். லேசான வாயுக்கள் முதலில் சீறிக்கொண்டு ஓடின, நாறுபவை முனகிக்கொண்டே பின்னால் போயின. மறுநாள் மிஞ்சியது ஆவி பிரிந்த ஒரு கறுப்பு உருண்டை. இயக்குநர் சுற்றிலும் உலர்பனி வைத்துப் புகை காட்டினார். அதோடு விட்டாரா? பிணத்துக்குப் பவுடர் பூசுவது போல, தரை துடைக்கும் எலுமிச்சைத் திரவத்தைத் தன் கையாலேயே அதன் தலையில் ஊற்றினார்.

அம்மையார் மூச்சை ஆழமாக இழுத்தார். "அடடா, என்ன வாசனை! வானத்துலயும் இப்படித்தான் மணக்குமா?"

இயக்குநர் ஐஸ்காரரைப் பார்த்தார். ஐஸ்காரர் உருண்டையில் வழியும் மஞ்சள் நுரையைப் பார்த்தார்.

"ஆமாங்கம்மா. இப்படியேதான்."

வாய் கசந்தது. நிதி வந்தது. சாயங்காலத்துக்குள் மாடி இடமும் வந்தது. நுரை வழியும் உருண்டையை அள்ளிக் குப்பையில் போட்டதில் கை, சட்டையெல்லாம் எலுமிச்சை ஏறியது.

வீட்டில் மனைவி கிட்டே வந்து மோந்து பார்த்தாள். "அட, எலுமிச்சை! இப்பதான் மனுஷன் மாதிரி இருக்கீங்க." தலையணையை அவளே எடுத்து உள்ளே போட்டாள்.

அவர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, தோல் உரிய உரியத் தேய்க்கத் தொடங்கினார்.

"ஐயய்யே, அதை ஏங்க கழுவுறீங்க?" என்றாள் அவள், கதவுக்கு வெளியே நின்று. "நல்லாத்தானே மணக்குது!"